ஒரு பெட்டிக்குள் எத்தனை பொருள்? மாதிரி மொழிகளை இருப்பியல் கொண்டு அளப்பது எப்படி

ஒரு நூலகத்தில் எத்தனை புத்தகங்கள் இருக்கின்றன என்று கேட்டால் இரண்டு பேர் இரண்டு எண்களைச் சொல்லலாம். இரண்டுமே சரியாக இருக்கலாம். அலமாரியில் நிற்கும் பிரதிகளை எண்ணியவர் ஒரு எண் சொல்வார். பட்டியலில் உள்ள தலைப்புகளை எண்ணியவர் அதைவிடச் சிறிய எண்ணைச் சொல்வார். ஒரே நாவலின் மூன்று பதிப்புகளை ஒன்றாகக் கொள்வதா மூன்றாகக் கொள்வதா என்று யோசிப்பவர் வேறொரு எண்ணோடு வருவார். "புத்தகம்" என்ற சொல் நம் பேச்சில் இத்தனையையும் சுமக்கிறது. பேச்சில் அதனால் கெடுதல் ஒன்றுமில்லை. "அந்தப் புத்தகத்தை இரண்டு முறை படித்தேன்" என்றால் படைப்பைச் சொல்கிறோம், "அந்தப் புத்தகத்தின் அட்டை கிழிந்துவிட்டது" என்றால் கையிலிருக்கும் பிரதியைச் சொல்கிறோம். கேட்பவருக்கு இது தானே விளங்கிவிடும்.

கணினிக்கு விளங்காது. நூலகத்துக்கு ஒரு மென்பொருள் எழுதப் போகிறோம், அதற்கு முன் ஒரு வரைபடம் போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு செவ்வகம் வரைந்து "புத்தகம்" என்று பெயர் எழுதி, அதற்குள் தலைப்பு, ஆசிரியர், பக்கங்கள், வாங்கிய நாள், கிழிந்திருக்கிறதா என்று வரிசையாக எழுதிவிடுகிறோம். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஒரே நூலின் இரண்டாவது பிரதி வரும் நாளில் சிக்கல் தொடங்கும். ஆசிரியர் பெயரை மறுபடியும் எழுத வேண்டும். ஒரு இடத்தில் எழுத்துப்பிழையைத் திருத்தினால் இன்னொரு இடத்தில் அது அப்படியே நிற்கும். நூலகத் துறையினர் இந்தச் சிக்கலை ஆழமாக ஆராய்ந்தவர்கள். நூலகச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு 1998-இல் வெளியிட்ட அறிக்கை, "புத்தகம்" என்ற ஒரே சொல்லை நான்காகப் பிரித்தது: படைப்பு, ஒரு மொழியிலோ வடிவிலோ அமைந்த அதன் வெளிப்பாடு, அச்சாகி வந்த பதிப்பு, கையில் எடுக்கக்கூடிய பிரதி.

சரி, முதலில் வரைந்த படத்தில் தவறு யாருடையது? வரைந்தவருடையது என்று சொல்லிவிடலாம். ஆனால் அவர் கையில் இருந்த வரைபட மொழியையும் கொஞ்சம் பாருங்கள். அது அவருக்குக் கொடுத்தது ஒரே வகைச் செவ்வகம். படைப்புக்கும் அதுவே, பிரதிக்கும் அதுவே, இரவல் என்ற நிகழ்வுக்கும் அதுவே, உறுப்பினர் என்ற பாத்திரத்துக்கும் அதுவே. எதைப் போட்டாலும் அந்த மொழி மறுப்பே சொல்லாமல் ஏற்றுக்கொண்டது. ஆகவே கேள்வியைக் கொஞ்சம் திருப்பலாம்: வரைபட மொழியே சரியாக அமைந்திருக்கிறதா? அதை எதை வைத்துச் சோதிப்பது? இந்தக் கட்டுரை பேச வருவது அதைத்தான்.

வரைபடமும் ஒரு மொழிதான்

மென்பொருள் கட்டும் முன், அது சார்ந்த உலகத்தை, அதாவது அங்கே என்னென்ன இருக்கின்றன, அவை ஒன்றோடொன்று எப்படிச் சேர்கின்றன என்பதை எழுதி வைப்பதற்குக் கருத்துரு மாதிரியாக்கம் என்று பெயர். புரிந்துகொள்வதற்காகவும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதற்காகவும் உலகின் ஒரு பகுதியை முறைப்படி விவரிக்கும் வேலை என்று ஜான் மைலோபூலோஸ் 1992-இல் இதை விளக்கினார். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தக் கட்டத்தில் நாம் விவரிப்பது மென்பொருளை அல்ல, உலகத்தை. டேபிள், ப்ரோகிராம், சர்வர் எல்லாம் அப்புறம் வருபவை.

இந்த வேலைக்கான மூத்த மொழிகளில் ஒன்று பீட்டர் சென் 1976-இல் முன்வைத்த ஈஆர் (பொருள்-உறவு) மாதிரி. பொருளுக்குச் செவ்வகம், உறவுக்கு வைரக்கட்டம், பண்புகள் என்று கல்லூரியில் டேட்டாபேஸ் படித்த எல்லோரும் வரைந்திருப்பார்கள். அதற்குப் பிறகு பல மொழிகள் வந்தன. மென்பொருள் வடிவமைப்புக்காக வந்து 1997-இல் தரமாக ஏற்கப்பட்ட யூஎம்எல் அவற்றில் மிகவும் பரவலானது. அலுவலக நடைமுறைகளை வரைவதற்கு பிபிஎம்என் வந்தது. ஒவ்வொன்றிலும் குறிகள் உண்டு, குறிகளைச் சேர்க்கும் விதிகளும் உண்டு. அதனால்தான் இவற்றை மாதிரி மொழிகள் என்கிறோம்.

இத்தனை மொழிகள் இருக்கும்போது எது நல்லது என்ற கேள்வி வராமல் இருக்காது. குறிகளை எண்ணிப் பார்த்து ஒப்பிடலாம். பயன்படுத்தியவர்களைக் கேட்கலாம். ஒரே சிக்கலை இரண்டு மொழிகளிலும் வரைந்து பார்க்கலாம். இவை எல்லாம் பயனுள்ளவையே, ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக் குறை இருக்கிறது. மொழியை அந்த மொழியின் உள்ளிருந்தே பார்க்கிறோம், அல்லது அதைப் போன்ற இன்னொரு மொழியோடு ஒட்டிப் பார்க்கிறோம். இரண்டு மொழிகளுமே ஒரு விஷயத்தைச் சொல்ல முடியாதவையாக இருந்தால், அந்த விஷயம் நம் கண்ணில் படவே படாது. அளப்பதற்கு வெளியிலிருந்து ஒரு கோல் வேண்டும்.

அந்தக் கோல்தான் இருப்பியல்

இருப்பியல், அதாவது ஆன்டாலஜி, தத்துவத்தின் ஒரு கிளை. உலகில் எந்தெந்த வகையானவை இருக்கின்றன என்று அது கேட்கும். எத்தனை மரம், எத்தனை விலங்கு என்ற கணக்கு அதற்கு வேண்டாம். அடிப்படை வகைகள்தான் வேண்டும்: பொருள் என்றால் என்ன, பண்பு என்றால் என்ன, நிகழ்வு என்பது பொருளிலிருந்து எப்படி வேறுபடுகிறது, முழுமைக்கும் அதன் பகுதிக்கும் என்ன உறவு.

தமிழில் பள்ளி இலக்கணம் படித்தவர்களுக்கு இது முற்றிலும் புதிதல்ல. பெயர்ச்சொல் ஆறு வகை என்று மனப்பாடம் செய்திருப்போம்: பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில். மரம் பொருட்பெயர், கிளை சினைப்பெயர், பசுமை குணப்பெயர், வளர்தல் தொழிற்பெயர். சொற்களை வகைப்படுத்தத்தான் இதைச் செய்தார்கள். ஆனால் சொற்கள் எவற்றைக் குறிக்கின்றன என்பதை வைத்தே வகைப்படுத்தினார்கள். உலகில் முழுப்பொருள் என்று ஒன்று இருக்கிறது, அதன் உறுப்பு என்று வேறொன்று இருக்கிறது, குணம் தனியே நிற்பதில்லை, செயல் என்பது பொருள் அல்ல என்ற புரிதல் அந்த ஆறுக்குள் இருக்கிறது. இருப்பியல் செய்யும் வேலையின் சாயல் இது. எனக்கு இந்தத் துறை பிடிபட்டதே இந்த ஆறு வகைகளை நினைத்துக்கொண்ட பிறகுதான்.

இங்கே தொடக்கநிலையில் பலரும் குழம்பும் ஓர் இடம் உண்டு. கணினித் துறையில் "ஆன்டாலஜி" என்ற சொல் வேறொரு பொருளிலும் புழங்குகிறது. மருத்துவச் சொற்கள், மரபணுப் பெயர்கள் என்று ஒரு துறையின் கருத்துகளைக் கணினிக்குப் புரியும்படி தொகுத்த கோப்பையும் அப்படித்தான் சொல்கிறார்கள். அது ஒரு துறைக்கான தொகுப்பு. மாதிரி மொழியை அளக்க நாம் எடுப்பது எந்தத் துறைக்கும் பொதுவான, எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் வகைகள். அதற்கு அடிப்படை இருப்பியல் என்று பெயர். இந்தக் கட்டுரையில் இருப்பியல் என்று வரும் இடமெல்லாம் அடிப்படை இருப்பியல் என்ற பொருளையே கொள்ளுங்கள்.

வாண்டும் வெபரும் செய்தது

கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் யாயிர் வாண்ட், ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ரான் வெபர். தகவல் அமைப்புகளுக்கு உறுதியான கோட்பாட்டு அடிப்படை வேண்டும் என்று இருவரும் 1980-களின் பிற்பகுதியில் தேடினார்கள். அவர்களுக்குக் கிடைத்தது மாரியோ புங்கேயின் தத்துவம். அர்ஜென்டினாவில் பிறந்து மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர் அவர், இயற்பியலாளராகத் தொடங்கித் தத்துவத்துக்கு வந்தவர். எட்டுத் தொகுதிகளாக அவர் எழுதிய தத்துவ நூலில் 1977-இலும் 1979-இலும் வந்த இரண்டு தொகுதிகள் இருப்பியலுக்கு உரியவை. வாண்டும் வெபரும் அதிலிருந்து தங்களுக்கு வேண்டியதை எடுத்து, தகவல் அமைப்புகளுக்கு ஏற்றபடி விரித்தார்கள். மூவர் பெயரின் முதலெழுத்துகளையும் சேர்த்து அதை பிடபிள்யூடபிள்யூ இருப்பியல் என்பார்கள்.

அதன் உலகப் பார்வையைச் சுருக்கமாகச் சொல்லலாம். உலகம் பொருள்களால் ஆனது. ஒவ்வொரு பொருளுக்கும் பண்புகள் உண்டு. பொருளில்லாமல் பண்பு தனியே நிற்காது. சில பண்புகள் ஒரே பொருளுக்கு உரியவை, உயரம் போல. சில பண்புகள் இரண்டு பொருள்களுக்கு நடுவில் மட்டுமே இருப்பவை, "இன்னாரிடம் பணிபுரிதல்" போல. ஒரு நேரத்தில் ஒரு பொருளின் பண்புகளுக்கு உள்ள மதிப்புகள் எல்லாம் சேர்ந்தது அதன் நிலை. நிலை மாறுவது நிகழ்வு. பொருள்கள் சேர்ந்து பெரிய பொருளாகும்போது, பகுதிகளில் இல்லாத புதுப் பண்பு முழுமைக்கு வரும். பண்புக்குப் பண்பு கிடையாது. இல்லாமை என்பதும் ஒரு பண்பு அல்ல. கடைசி இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அவை பெரிய வேலை செய்யும்.

இப்போது அளக்கும் முறை. ஒரு பக்கம் இருப்பியலின் வகைகளை எழுதுங்கள். மறுபக்கம் மாதிரி மொழியின் குறிகளை எழுதுங்கள். எந்தக் குறி எந்த வகையைக் குறிக்கிறது என்று கோடு போட்டு இணையுங்கள். ஒன்றுக்கு ஒன்று என்று அழகாகப் பொருந்தினால் மொழி தெளிவானது. பொருந்தாத இடங்கள் நான்கு விதமாக இருக்கலாம் என்று வாண்டும் வெபரும் 1993-இல் எழுதினார்கள். அந்த நான்கில் மூன்றுக்கு நம் இலக்கணத்திலேயே பெயர் இருப்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தருவது.

ஒரு குறியிலிருந்து பல வகைகளுக்குக் கோடு போகிறது என்றால் அது பலபொருள் ஒருசொல். நாம் பார்த்த செவ்வகம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஈஆர் படத்தில் ஆசிரியர் என்ற ஆளும் செவ்வகம், இரவல் என்ற நிகழ்வும் செவ்வகம். படிப்பவர் பெயரைப் பார்த்துத்தான் எது பொருள் எது நிகழ்வு என்று ஊகிக்க வேண்டும். தனக்குப் பழக்கமான துறை என்றால் சரியாக ஊகித்துவிடுவார். பழக்கமில்லாத துறை என்றால்? மாதிரி வரைவதே தெரியாததைத் தெரிந்துகொள்ளத்தானே. ஆகவே நான்கிலும் இதையே நான் மோசமானதாகக் கருதுவேன். படம் சரியாக இருப்பது போலவே தோன்றும், இரண்டு பேர் அதை இரண்டு விதமாகப் படித்துவிட்டு ஒத்துக்கொண்டதாக நினைத்து எழுந்து போவார்கள்.

ஒரே வகைக்குப் பல குறிகள் இருந்தால் ஒருபொருட் பன்மொழி. யூஎம்எல்லில் ஒரு நூலின் பதிப்பகத்தைச் செவ்வகத்துக்குள் ஒரு வரியாகவும் எழுதலாம், வெளியே இன்னொரு செவ்வகத்துக்குக் கோடு இழுத்தும் காட்டலாம். யூஎம்எல்லின் உள் வரையறையே இரண்டையும் ஒரே வகைக் கூறாகத்தான் வைத்திருக்கிறது. கற்றுக்கொள்பவர் "எப்போது எதைப் போடுவது?" என்று கேட்பார். பதில் பெரும்பாலும் வழக்கம் சார்ந்ததாகத்தான் இருக்கும்.

எந்த வகைக்கும் கோடு போகாத குறி அசைநிலை போன்றது. செய்யுளில் அது ஓசைக்காக நிற்கும், பொருள் தராது. யூஎம்எல்லில் ஒரு பண்பை வெளியிலிருந்து அணுகலாமா கூடாதா என்று காட்டும் கூட்டல், கழித்தல் குறிகள் உண்டு. ப்ரோகிராம் எழுதுபவருக்கு அவை தேவை. ஆனால் உலகில் ஒரு மனிதரின் பிறந்தநாளுக்குக் கழித்தல் குறி என்று எதுவும் இல்லை. உலகை விவரிக்கும் கட்டத்தில் அது அசை.

நான்காவது, குறியே இல்லாத வகை. சொல்ல வேண்டியது இருக்கிறது, சொல் இல்லை. ஈஆர் படத்தில் பொருளின் நிலை எப்படி மாறுகிறது என்று சொல்ல வழியே இல்லை. பிரதி அலமாரியில் இருந்து இரவலுக்குப் போய், தொலைந்து, பிறகு கிடைத்தது என்ற வரலாறு அந்தப் படத்துக்குள் வராது. இது கண்டிப்பாகக் குற்றம் என்று சொல்ல மாட்டேன். ஒரு மொழி எல்லாவற்றையும் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை. எதைச் சொல்லாது என்று தெரிந்திருந்தால் போதும், துணைக்கு வேறொரு மொழியை வைத்துக்கொள்ளலாம்.

கோட்டுக்குப் பண்பு உண்டா?

இந்த முறை எவ்வளவு ஆழம் போகும் என்று பார்க்க ஒரே ஒரு குறியை எடுத்துக்கொள்வோம்: இரண்டு செவ்வகங்களை இணைக்கும் உறவுக்கோடு.

நூல் ஒரு பக்கம், மொழிபெயர்ப்பாளர் மறுபக்கம், நடுவில் "மொழிபெயர்த்தார்" என்று ஒரு கோடு. மொழிபெயர்ப்பாளர் முனையில் "ஒன்று அல்லது மேல்" என்று எண்ணிக்கை எழுதியாகிவிட்டது. இப்போது ஒரு நூலுக்கு இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள் என்று பதிவாகிறது. அவர்கள் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே மொழிபெயர்ப்பைச் செய்தார்களா? அல்லது இருபது ஆண்டு இடைவெளியில் தனித்தனியாக இரண்டு மொழிபெயர்ப்புகளைச் செய்தார்களா? படம் இரண்டுக்கும் ஒன்றுதான். கோட்டின் முனையில் இருக்கும் எண் ஆட்களை எண்ணுகிறது. மொழிபெயர்ப்புகளை எண்ண அந்தப் படத்தில் இடமே இல்லை. "இந்த நூலுக்கு எத்தனை மொழிபெயர்ப்புகள் உண்டு?" என்ற மிகச் சாதாரணமான கேள்விக்கு, படத்தை நம்பிக் கட்டிய மென்பொருளால் பதில் சொல்ல முடியாது.

அப்புறம், மொழிபெயர்ப்பு முடிந்த ஆண்டை எங்கே எழுதுவது? நூலின் பண்பும் அல்ல, ஆளின் பண்பும் அல்ல. கோட்டின் மேலேயே எழுதிவிடலாம் என்பது ஈஆர் மாதிரியின் பதில். சென்னின் 1976 கட்டுரையிலேயே, ஒரு பணியாளர் ஒரு திட்டத்துக்கு ஒதுக்கும் நேரத்தின் விகிதம் உறவின் பண்பாக வருகிறது. அன்றிலிருந்து அது இயல்பான பழக்கமாகிவிட்டது.

புங்கேயின் கோலை வைத்தால் இங்கே இடிக்கிறது. அவர் கணக்கில் உறவு என்பது இரண்டு பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் பண்பு. பண்புக்குப் பண்பு கிடையாது என்று முன்பே பார்த்தோம். ஆகவே கோட்டுக்குத் தனியாக ஓர் ஆண்டு இருக்க முடியாது. இருப்பது போல் தெரிந்தால் வரைந்தவர் எதையோ மறைத்துவிட்டார் என்று பொருள். உறவு என்ற குறியை மட்டுமே எடுத்துக்கொண்டு வாண்ட், வீடா ஸ்டோரி, வெபர் மூவரும் 1999-இல் ஒரு முழு ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். ஒரு கோட்டுக்கு அவ்வளவு தேவைப்பட்டது.

இன்னொரு கோலும் இருக்கிறது. ஜியான்கார்லோ குவிட்சார்டி நெதர்லாந்தின் ட்வென்ட்டே பல்கலைக்கழகத்தில் 2005-இல் முடித்த முனைவர் பட்ட ஆய்விலிருந்து வளர்ந்தது அது. யுஎஃப்ஓ என்று அழைக்கப்படும் அந்த அடிப்படை இருப்பியல் புங்கேயோடு இந்த இடத்தில் மாறுபடுகிறது. அதன்படி மொழிபெயர்ப்பு என்பது தன்னளவில் உலகில் இருக்கும் ஒன்று. நூலும் ஆளும் இல்லாமல் அது இருக்க முடியாது, ஆனால் இருக்கும் வரை அதற்கென்று பண்புகள் உண்டு, தொடக்கமும் முடிவும் உண்டு. திருமணம், வேலை ஒப்பந்தம், இரவல், பல்கலைக்கழகச் சேர்க்கை எல்லாம் இதே இனம். இவற்றை இணைப்பிகள் என்று சொல்லலாம். இணைப்பிக்குத் தனிப்பெட்டி கொடுத்துவிட்டால் மேலே சொன்ன இரண்டு சிக்கல்களும் தீர்ந்துவிடும். இருவர் ஒன்றாகச் செய்தால் ஒரு மொழிபெயர்ப்புப் பெட்டியோடு இரண்டு ஆட்கள். தனித்தனியாகச் செய்தால் இரண்டு மொழிபெயர்ப்புகள். ஆண்டு அந்தப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

கோட்டின் மேல் பண்பை எழுதுவது சரியில்லை என்பதில் இரண்டு கோல்களும் உடன்படுகின்றன. ஏன் சரியில்லை, என்ன செய்ய வேண்டும் என்பதில் பிரிகின்றன. தனிப்பட்ட முறையில் நான் குவிட்சார்டியின் பக்கம். மனிதர்கள் தங்கள் வேலையைப் பற்றிப் பேசும்போது திருமணத்தையும் ஒப்பந்தத்தையும் பெயரிட்டு, எண்ணி, நாள் சொல்லித்தான் பேசுகிறார்கள். அப்படி எண்ணிப் பேசப்படும் ஒன்றை வெறும் கோடாக விட்டுவிடுவது அவர்கள் சொன்னதைக் குறைத்து எழுதுவதாகும்.

இருந்தாலும் இருக்கலாம், இல்லாவிட்டாலும் பரவாயில்லை

இல்லாமை ஒரு பண்பு அல்ல என்று புங்கே சொன்னதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். டேட்டாபேஸ் வடிவமைப்பவர்கள் எல்லோரும் தினமும் ஒன்று செய்கிறார்கள்: ஒரு பண்பை எழுதி, "கட்டாயமில்லை" என்று பக்கத்தில் குறித்துவிடுகிறார்கள். நூல் என்ற செவ்வகத்துக்குள் "மூலமொழி" என்று ஒரு வரி, மொழிபெயர்ப்பு நூலாக இருந்தால் நிரப்பலாம், இல்லையென்றால் காலியாக விடலாம். இருப்பியலின்படி இது சரியல்ல. ஒரு பொருளுக்கு ஒரு பண்பு உண்டு அல்லது இல்லை. சில நூல்களுக்கு மூலமொழி உண்டு, சிலவற்றுக்கு இல்லை என்றால் அங்கே இரண்டு வகை நூல்கள் இருக்கின்றன என்று பொருள். "மொழிபெயர்ப்பு நூல்" என்று ஓர் உள்வகையைத் தனியே வரைந்து, அதில் மூலமொழியைக் கட்டாயமாக்க வேண்டும்.

இது தத்துவக்காரர்களின் பிடிவாதம்தானா, அல்லது படத்தைப் படிப்பவருக்கு உண்மையிலேயே வேறுபாடு தெரிகிறதா? போடார்ட், படேல், சிம், வெபர் ஆகிய நால்வர் இதைச் சோதித்து 2001-இல் வெளியிட்டார்கள். மூன்று ஆய்வகச் சோதனைகள். படத்தை மேலோட்டமாகப் புரிந்துகொண்டால் போதும் என்றால் கட்டாயமில்லாப் பண்புகளைப் பயன்படுத்தலாம். படத்தை வைத்து ஆழமாக யோசித்துச் சிக்கலைத் தீர்க்க வேண்டும் என்றால் அவை குறுக்கே நிற்கின்றன, உள்வகைகளாகப் பிரித்து வரைந்ததே உதவுகிறது. இந்த ஆய்வை நான் மிகவும் மதிப்பதற்குக் காரணம், கோட்பாடு ஒன்றைச் சொன்னதோடு நிற்காமல் மனிதர்களிடம் போய்ச் சரிபார்த்தது. தீர்ப்பும் ஒரே பக்கமாக வரவில்லை. சுருக்கமான படத்துக்கும் அதற்குரிய இடம் கிடைத்திருக்கிறது.

உறுப்பினராக இல்லாமல் போனால்

வகைகளைப் பற்றி ஒரு கேள்வி. நூலக உறுப்பினர் என்பவர் மனிதர், ஆகவே "உறுப்பினர்" மனிதர் என்பதன் உள்வகை. இதுவரை சரி. ஆனால் பள்ளியோ நிறுவனமோ கூட உறுப்பினராகலாம் என்று நூலகம் சொல்கிறது. உடனே அம்புக்குறியைத் திருப்பி, "உறுப்பினர்" மேலே, "மனிதர்", "நிறுவனம்" இரண்டும் அதன் கீழே என்று வரைந்துவிடத் தோன்றும். பலரும் அப்படித்தான் வரைகிறார்கள். இப்போது படம் சொல்வது என்ன? மனிதர் எல்லோரும் உறுப்பினர்களே. உறுப்பினர் சந்தா முடிந்தால் அவர் மனிதராக இருக்க முடியாது.

இருப்பியல் ஆய்வாளர்களான குவாரினோவும் வெல்ட்டியும் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதற்கு ஓர் எளிய சோதனையைத் தந்தார்கள். ஒரு வகையில் சேர்ந்த ஒன்று, அந்த வகையை விட்டு நீங்கிய பிறகும் இருக்க முடியுமா? மனிதர் மனிதராக இல்லாமல் போய் இருக்க முடியாது. அது விறைப்பான வகை. உறுப்பினர் உறுப்பினராக இல்லாமல் போகலாம், ஆள் அப்படியே இருப்பார். அது நெகிழும் வகை. விறைப்பானது நெகிழ்வானதன் கீழே வரக்கூடாது. அவ்வளவுதான் விதி. நூற்றுக்கணக்கான பெட்டிகள் கொண்ட படத்திலும் இந்த ஒரு விதியை வைத்தே பிழைகளைப் பிடிக்கலாம்.

சாதாரண யூஎம்எல்லில் இரண்டு வகைக்கும் ஒரே செவ்வகம்தான், அதனால் மொழி எச்சரிக்காது. குவிட்சார்டியும் கூட்டாளிகளும் வகைகளையும் அவற்றின் உறவுகளையும் காட்டும் யூஎம்எல்லின் கிளாஸ் டயகிராமை யுஎஃப்ஓ கொண்டு அளந்து, குறைகளைக் கண்டு, அதையே திருத்தி ஆன்டோயூஎம்எல் என்ற மொழியாக்கினார்கள். அதில் பெட்டியின் தலையில் இது இனம், இது பருவம், இது பாத்திரம், இது இணைப்பி என்று எழுத வேண்டும். எழுதிவிட்டால் தவறான அம்புக்குறியை மென்பொருளே கண்டுபிடிக்கும். அளப்பது என்பது மதிப்பெண் போடுவதோடு முடிவதில்லை, மொழியைத் திருத்தவும் அதுவே வழி என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

நடைமுறை வரைபடங்களுக்கும் இதே வைத்தியம் நடந்தது. ரெக்கர், இன்டுல்ஸ்கா, ரோஸ்மன், கிரீன் ஆகியோர் பிபிஎம்என் மொழியை பிடபிள்யூடபிள்யூ கோலால் அளந்தபோது, பொருளின் நிலையைச் சொல்லக் குறி இல்லை என்று கண்டார்கள். நீச்சல் குளத்தின் தடங்கள் போல வரையும் பகுதிகள் சில இடத்தில் ஆளையும், சில இடத்தில் துறையையும், சில இடத்தில் கணினி அமைப்பையும் குறிப்பதும் தெரிந்தது. பயன்படுத்துபவர்களிடமும் போய் இவை உண்மையில் தொல்லை தருகின்றனவா என்று கேட்டுப் பார்த்தார்கள்.

கோலையே கேள்வி கேட்பவர்கள்

எந்த இருப்பியலைக் கோலாக எடுப்பது? இது சின்ன ஆட்சேபம் அல்ல. புங்கே இயற்பியல் உலகை மனத்தில் வைத்து எழுதியவர். அலுவலகத்தில் நடப்பவையோ கடன், வாக்குறுதி, பதவி, உரிமை. இவற்றுக்கு எடையும் இல்லை, இடமும் இல்லை, மனிதர்கள் ஒத்துக்கொண்டதால் மட்டுமே இருக்கின்றன. இப்படிப்பட்ட சமூக உலகுக்கு அந்தக் கோல் பொருந்துமா என்று போரிஸ் விஸ்ஸூசெக் 2006-இல் கடுமையாகக் கேட்டார். அதைத் தொடர்ந்து துறைக்குள் விவாதமே நடந்தது. உறவுக்கோட்டில் இரண்டு கோல்களும் பிரிந்ததை நாமே பார்த்தோம். ஆகவே "இந்த மொழி குறையுள்ளது" என்று மட்டும் சொன்னால் அது பாதி வாக்கியம். எந்தக் கோலின்படி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, குறிகளை வகைகளோடு இணைக்கும் வேலை ஒருவர் தீர்ப்பைப் பொறுத்தது. மொழியின் விளக்க நூலே பல இடங்களில் தெளிவாக இருக்காது. யூஎம்எல்லில் முழுமை, பகுதி உறவைக் காட்ட வெள்ளை வைரம் என்று ஒரு குறி உண்டு. அதன் துல்லியமான பொருள் துறைக்கும் வரைபவருக்கும் ஏற்ப மாறும் என்று அதன் தர ஆவணமே எழுதி வைத்திருக்கிறது. இதை எந்த வகையோடு இணைப்பது? அதனால்தான் இரண்டு பேர் தனித்தனியாக இணைத்துவிட்டு, பிறகு உட்கார்ந்து வேறுபட்ட இடங்களைப் பேசித் தீர்க்கும் முறையைப் பரிந்துரைக்கிறார்கள். அப்படிச் செய்து பாருங்கள், வேறுபட்ட இடங்களின் பட்டியலே மொழியின் மங்கலான பகுதிகளைக் காட்டிவிடும்.

உங்களிடம் நீங்கள் வரைந்த பழைய ஈஆர் படமோ கிளாஸ் டயகிராமோ இருந்தால் இன்றே தொடங்கலாம். முழு யூஎம்எல்லையும் எடுக்க வேண்டாம், அந்தப் படத்தில் வந்த குறிகள் போதும். ஒவ்வொரு பெட்டியிடமும் கேளுங்கள்: இது பொருளா, நிகழ்வா, பாத்திரமா, இணைப்பியா? இதிலிருந்து நீங்கிய பிறகும் அந்த ஆளோ பொருளோ இருக்குமா? ஒவ்வொரு கோட்டிடமும் கேளுங்கள்: இதை எண்ண முடியுமா, இதற்கு நாள் உண்டா? இரண்டுக்கும் ஆம் என்றால் அங்கே ஒரு பெட்டி காணாமல் போயிருக்கிறது. காலியாக விடலாம் என்று குறித்த ஒவ்வொரு பண்பிடமும் கேளுங்கள்: யாருக்கு இது கட்டாயம் உண்டு, அவர்களுக்கு ஒரு பெயர் இருக்கிறதா? பதில் தெரிந்தும் அதைப் படத்தில் எழுத மொழி இடம் தராத இடங்களைத் தனியே ஒரு தாளில் குறித்துக்கொண்டு, வாண்டும் வெபரும் சொன்ன நான்கில் அது எதில் சேரும் என்று பக்கத்தில் எழுதுங்கள். முதல் தாளில் பலபொருள் ஒருசொல்தான் அதிகம் இருக்கும் என்று நினைக்கிறேன்.